மீன் எண்ணினால் சம்பளம்... அலாஸ்காவின் சம்மர் வேலை!

"மீன் எண்ணுறதெல்லாம் ஒரு வேலையா?"னு கேட்கத் தோணும். அமெரிக்காவின் அலாஸ்காவில், பிரிஸ்டல் வளைகுடாவில் கலக்கும் ஆறுகளில் அதுதான் வேலை. மாநில மீன், வனவிலங்குத் துறை கோடைதோறும் ஆள் எடுக்கிறது. 'டெக்னீஷியன்' என்ற ஆரம்பநிலைப் பணிக்குப் பட்டம் கட்டாயமில்லை.

ரோடு கிடையாது. குட்டி விமானத்தில் கொண்டுபோய் இறக்குவாங்க. பிறகு முகாம்தான் வீடு. கரையோரக் கோபுரத்தில் ஏறி, கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறிவரும் சால்மன் மீன்களை ஒவ்வொரு மணி நேரத்திலும் 10 நிமிடம் எண்ணணும். அதை 6-ஆல் பெருக்கினால் அந்த மணி நேரக் கணக்கு. எதிர்க்கரையிலும் இதே கதைதான். நள்ளிரவு ஷிஃப்ட் உண்டு. கொசுக்கடி தனி! கரடிக்கும் அதே மீன்தான் சாப்பாடு என்பதால், சமைத்த மிச்சத்தை வெளியே விட்டுவைக்கக் கூடாது.

இந்தக் கணக்கைப் பார்த்துத்தான், படகுகள் எப்போது வலை போடலாம்னு துறை முடிவெடுக்கும். முட்டையிடப் போதுமான மீன் ஆற்றுக்குள் போயிருக்கணுமே! குறைச்சு எண்ணினால், மீனவர்கள் வலையைச் சுருட்டிவைத்துக் காத்திருக்கணும். சீசனோ சில வாரங்கள்தான். கூட்டி எண்ணினால், சில வருஷம் கழிச்சுத் திரும்பிவரும் மீன் குறையலாம். அதனால, மீனே வராத நேரத்திலும் கோபுரம் ஏறி நின்று, '0'ன்னு குறிச்சுவைக்கணும்.