காக்கை வளர்த்த குயிலும் ஆவடியின் குழந்தைகளும்

அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் கோடைக் காலையில் கூவும் ஆண்குயில் (கூவுவது பெண்குயில் என்று கவிஞர்கள் நெடுங்காலம் நம்பியது வேறு கதை) பெரும்பாலும் காக்கைக் கூட்டில் பொரிந்து, காக்கை ஊட்டிய இரையில் வளர்ந்ததாகவே இருக்கும். ஆயினும் பருவம் எய்தியதும் அது கரைவதில்லை, கூவுகிறது. குயிலினப் பறவைகளின் கூவல் கற்றுப் பெறுவதன்று என்பதே பறவையியலாரின் பொதுவான முடிவு. இவ்வாறு கற்பிப்பாரின்றி, ஓர் இனத்தின் உயிர்களிடம் ஏறத்தாழ ஒரே வடிவில் வெளிப்படும் நடத்தையே இயல்பூக்கம் எனப்படுகிறது.

காக்கை ஏமாறுவதும் இயல்பூக்கத்தாலேயே. கூட்டில் திறந்த வாய் கண்டால் இரை ஊட்டத் தூண்டப்படும் அப்பறவை, அவ்வாய் யாருடையது என்று ஆராய்வதில்லை. நடத்தையை முடுக்கிவிடும் இத்தகைய எளிய அடையாளத்தைத் தூண்டற்குறி என்பர். விலங்குகளின் நடத்தையை ஆராயும் துறைக்கு அடித்தளமிட்ட கொன்ராட் லோரன்ஸ், நிக்கோ டின்பெர்கன், கார்ல் ஃபான் ஃபிரிஷ் ஆகியோர் 1973இல் நோபல் பரிசு பெற்றனர். அறிவுக்குப் பேர்போன காக்கையே இவ்விடத்தில் தோற்பது, இயல்பூக்கமும் அறிவும் ஒரே உயிரில் தனித்தனியே இயங்கக்கூடும் என்பதைக் காட்டுகிறது.

மனிதரிடம் நிலைமை சிக்கலானது. கன்னத்தைத் தொட்டால் அப்பக்கம் தலை திருப்பிப் பால் தேடுவதும், உள்ளங்கையில் வைத்த விரலை இறுகப் பற்றுவதும் பிறவியிலேயே அமைந்தவை என்றாலும், அவை சில மாதங்களில் மறைந்துவிடும் அனிச்சைச் செயல்கள். மொழியோ வேறு வகை. 1960களில் ஆவடியிலும் அம்பத்தூரிலும் தொழிற்சாலைகள் எழுந்தபின் பிற மாநிலங்களிலிருந்து குடியேறியோரின் பிள்ளைகள், வீட்டில் ஒரு மொழியும் தெருவில் தமிழும் பேசி வளர்கின்றனர். குயிற்குஞ்சு செய்யாததை அவர்கள் எளிதில் செய்கின்றனர். மொழியைக் கற்கும் நாட்டம் இயல்பானது, எந்த மொழியும் இயல்பானதன்று என்னும் கருத்தை டார்வின் 1871இலேயே முன்வைத்தார்.

அந்நாட்டத்தின் வாயிலும் என்றும் ஒரே அளவில் திறந்திருப்பதில்லை. இந்தியில் பல்லைத் தொட்டு எழும் தகர ஒலிக்கும் நாக்கை வளைத்து எழுப்பும் டகர ஒலிக்கும் உள்ள வேறுபாட்டை, ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் செவியால் பிரித்தறிந்து, ஒரு வயதை நெருங்கும்போது அத்திறனைப் பெரிதும் இழந்துவிடுவதை ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். வீட்டுமொழி தமிழாயினும் இந்தியாயினும், ஆவடிக் குழந்தையின் காதில் இவ்விரு ஒலிகளும் நாள்தோறும் விழுந்துகொண்டிருப்பதால், அதற்கு இந்த இழப்பு நேர்வதில்லை.