பாடும் பொம்மைகளும் நம் பாலகர்களும்

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் முன்பு விடியுமுன் பால்மரம் வெட்டப் புறப்பட்ட பெற்றோர், பள்ளி வயதை எட்டாத பிள்ளைகளைப் பாட்டியிடமோ ஆயாவிடமோ விட்டுச் சென்றனர். அந்த வயதில் கேட்கும் பாட்டே பிள்ளையின் முதற்பாடம்.

இதையறிந்தே 1969 நவம்பர் 10-இல் அமெரிக்காவில் ‘செசமி ஸ்திரீட்’ எனும் தொலைக்காட்சித் தொடர் தொடங்கப்பெற்றது. ஏழைக் குடும்பத்துச் சிறார், பள்ளி சேருமுன் எழுத்தும் எண்ணும் அறியவேண்டும் என்பது அதன் நோக்கம். ஜிம் ஹென்சன் குழுவினரின் பொம்மைகள் அதில் பாடி ஆடின. ‘பிக் பேர்ட்’ எனும் மஞ்சள் பறவையின் உயரம் 8 அடி 2 அங்குலம். உள்ளே நிற்கும் கலைஞர் வலக்கையைத் தலைக்கு மேல் உயர்த்தி அலகை அசைப்பார்; வெளியே நடப்பதை மார்பில் கட்டிய சிறு திரையில் காண்பார். எர்னி எனும் பொம்மை ரப்பர் வாத்தைப் போற்றிப் பாடிய பாட்டு 1970-இல் பெரும்புகழ் பெற்றது. ரப்பருக்கு இப்படியும் ஒரு பெருமை!

ஓர் எழுத்து, ஓர் எண் பாட்டாகத் திரும்பத் திரும்ப வருவதே இதன் முறை. முதலாண்டு ஆய்வில், அடிக்கடி பார்த்த 3 வயதுப் பிள்ளைகள், அரிதாகப் பார்த்த 5 வயதினரை விஞ்சியிருந்தனர். இந்தியாவிலும் 2006-இல் ‘கலி கலி சிம் சிம்’ என இது இந்தியில் வந்தது. பள்ளிச் சீருடை அணிந்த சம்கி எனும் சிறுமிப் பொம்மை அதன் நாயகி.

பொம்மை கேள்வி கேட்டுச் சற்றே நிறுத்தும். பிள்ளை சொல்லும் விடையோ அதன் செவியில் விழாது. எனவே பெரியவர் உடனமர்ந்து, திரையில் வரும் எண்ணைத் தமிழில் சொல்லி, பிள்ளையையும் பாடச் செய்தல் வேண்டும். தொலைக்காட்சி இல்லாத வேளையில், பழைய காலுறையில் இரு கண்களை வரைந்து கையில் மாட்டினாலே போதும், நம் பாட்டை அதுவும் பாடும்.