மேசை மேல் ஒரு சூப்பர் கம்ப்யூட்டர்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கிராண்ட் ராபிட்ஸ் நகரில் இருக்கிறது, அன்று கால்வின் கல்லூரி எனப்பட்ட கால்வின் பல்கலைக்கழகம். 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே கணினிப் பேராசிரியர் ஜோயல் ஆடம்ஸும் அவருடைய மாணவர் டிம் ப்ரோமும் சேர்ந்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டரைக் கட்டி முடித்தார்கள். செலவு 2,470 டாலர். அன்றைய மதிப்பில் ஒரு லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல். எடை 14 கிலோ. சுவரில் இருக்கும் சாதாரண பிளக்கில் செருகினாலே ஓடும். அதற்கு மைக்ரோவுல்ஃப் என்று பெயர் வைத்தார்கள்.

வேகம் 26.25 கிகாஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு 2,625 கோடி தசமக் கணக்குகள். 1997இல் செஸ் உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்த ஐபிஎம்மின் டீப் புளூ அதே அளவுகோலில் எட்டியது 11.38தான். செஸ்ஸுக்கென்றே செய்த தனிச் சில்லுகள் டீப் புளூவில் இருந்தன. அவற்றின் திறமை இந்தக் கணக்கில் வராது. ஆனாலும் பத்தே ஆண்டில் நடந்த மாற்றம் சாதாரணமானதல்ல.

உள்ளே அதிசயம் எதுவும் கிடையாது. கடையில் விற்கும் மதர்போர்டுகள் நான்கு. ஒவ்வொன்றிலும் இரண்டு கோர் கொண்ட ஏஎம்டி பிராசஸர். மொத்தம் 8 ஜிபி நினைவகம். எல்லாவற்றையும் இணைக்க ஒரு ஈதர்நெட் சுவிட்ச். நான்கில் ஒன்றுக்குத்தான் ஹார்டு டிஸ்க். மற்ற மூன்றும் நெட்வொர்க் வழியாக அதனிடமிருந்தே லினக்ஸை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும். அதே ஆண்டு ஆகஸ்டில் இதே பாகங்களின் விலை 1,256 டாலராக இறங்கிவிட்டது.

யோசனை புதிதல்ல. 1994இல் நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 சாதாரண 486 கணினிகளைக் கோத்து ‘பியோவுல்ஃப்’ என்ற கிளஸ்டரைச் செய்தார்கள். மைக்ரோவுல்ஃபின் பெயரில் பாதி அதிலிருந்து வந்ததுதான்.

சரி, இளநிலை படிக்கும் மாணவர்களுக்கு இவ்வளவு வேகம் எதற்கு? வேதியியலைப் பார்த்தால் விளங்கும். நியூயார்க் மாநிலத்தின் ஹாமில்டன் கல்லூரியில் இருந்தபோது பேராசிரியர் ஜார்ஜ் ஷீல்ட்ஸ் ‘மெர்குரி’ என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார். சிறு கல்லூரிகள் சில சேர்ந்து, அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் ஒரே கிளஸ்டரைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. அவருடைய மாணவர்கள் ஆராய்ந்தவற்றில் ஒன்று, காற்றில் நீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்பது. மேகம் உருவாவதைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்குத் தேவை. ஆனால் மிகத் துல்லியமான குவாண்டம் வேதியியல் முறை ஒன்றில், மூலக்கூறுக் கூட்டம் இரண்டு மடங்கானால் வேலை 128 மடங்காகும். ஒரு மணி நேரத்தில் முடிந்த கணக்கு ஐந்து நாளைத் தாண்டி இழுக்கும். இந்த இடத்தில்தான் மடிக்கணினி கைவிரிக்கிறது.

கிளஸ்டரில் உட்கார்ந்ததும் எல்லாம் பறக்கும் என்று எதிர்பார்க்கும் மாணவருக்கு முதல் பாடம் ஏமாற்றம்தான். எட்டு கோர் போட்டால் எட்டு மடங்கு வேகம் கிடைக்காது. கல்யாணச் சமையலில் காய் நறுக்க எட்டுப் பேர் உட்காரலாம். அதற்காக உலை சீக்கிரம் கொதிக்குமா? கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இலேயே இதைச் சுட்டிக்காட்டினார். நிரலில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க முடியாத வேலை என்றால், எட்டு கோரில் கிடைப்பது சுமார் 4.7 மடங்கு வேகம். ஆயிரம் கோர் போட்டாலும் பத்தைத் தாண்டாது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் போய்விடும் இந்தச் சங்கதி, தானே ஓட்டி நேரம் குறித்துப் பார்ப்பவருக்கு மறக்காது.

இரண்டாவது பாடம் வரிசையில் நிற்பது. பொதுக் கிளஸ்டரில் நினைத்தவுடன் நிரலை ஓட்ட முடியாது. எத்தனை கோர், எவ்வளவு நினைவகம், எத்தனை மணி நேரம் என்று ஒரு சிறு கோப்பில் எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும்; ஸ்லர்ம் போன்ற மென்பொருள் முறை வைத்து அனுப்பும். அதிகமாகக் கேட்டால் காத்திருப்பு நீளும். குறைத்துக் கேட்டால், நேரம் முடிந்ததும் கணக்கு பாதியிலேயே வெட்டப்படும். ஆகவே இடையிடையே முடிவுகளைச் சேமித்துவைக்க ஒவ்வொருவரும் சீக்கிரமே பழகிக்கொள்கிறார்கள்.

உண்மையில் கல்லூரிகளுக்குத் தட்டுப்பாடு இயந்திரம் அல்ல, ஆள். கிளஸ்டரைக் கட்டிய மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போன பிறகு அதைப் பராமரிப்பது யார்? பேராசிரியருக்கு வகுப்பும் விடைத்தாளுமே சரியாக இருக்கும். பல கல்லூரிகள் ஒரே கிளஸ்டரைப் பகிர்வதில் பணத்தைவிடப் பெரிய மிச்சம் இந்தப் பராமரிப்பு வேலைதான்.

தமிழ்நாட்டிலும் பெரிய இயந்திரம் வந்துவிட்டது. தேசிய மீத்திறன் கணினித் திட்டத்தின் கீழ், திருச்சி என்.ஐ.டி.யில் 838 டெராஃப்ளாப்ஸ் திறன் கொண்ட ‘பரம் பொருள்’ 2022 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனால் பழகிப் பார்க்க அங்கே இடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. லினக்ஸும், பல கணினிகளை ஒரே நிரலில் சேர்ந்து உழைக்க வைக்கும் ஓப்பன் எம்பிஐயும் இலவசம். கல்லூரி ஆய்வகத்தில் கழித்துப் போட்ட கணினிகள் நான்கு இருந்தால், ஒரு சுவிட்ச் வாங்கித் தரச் சொல்லித் துறைத் தலைவரிடம் மாணவர்கள் கேட்கலாம்.