கரிசற்காட்டில் கண்ணாடியிழை

அருப்புக்கோட்டைத் தெருக்களில் வீடுகள் சுவரொடு சுவர் சேர்ந்து நிற்பன. அங்கிருந்து திருச்சுழி நோக்கிக் கிழக்கே செல்லின், ஊருக்கும் ஊருக்கும் இடையே கரிசற்காடும் கண்மாயும் சீமைக் கருவேலமுமே காணப்படும். இணையம் கொணரும் கண்ணாடியிழையை எங்கே, எவ்வழியாக இடுவது என்று கம்பெனியார் தீர்மானிப்பதற்கு இவ்வேற்றுமையே முதற்காரணமாகும்.

இழையின் விலையே பெருஞ்செலவு என்று பலர் எண்ணுவர். பள்ளம் தோண்டுதலும், அறுத்த சாலையைச் செப்பனிடுதலுமே அதனினும் மிகுந்த பொருளை விழுங்குவன. ஒரு கிலோமீட்டருக்கு 1 லட்சம் ரூபாய் ஆவதாக வைத்துக்கொள்வோம். அவ்வழியில் 100 வீட்டார் சந்தாதாரராயின் வீட்டுக்கு 1,000 ரூபாய். 10 வீட்டாரே சேரின் 10,000 ரூபாய். மாதச் சந்தாவோ இரண்டிடத்தும் ஏறக்குறைய ஒன்றே. ஆதலின் நெருங்கிய தெருவுக்கு இழை முந்துகின்றது. தனித்த சிற்றூர் காத்திருக்கின்றது.

இழையை இடும் வழிகள் இரண்டு. நிலத்தடியில் புதைப்பது செலவு மிக்கது. எனினும் காற்றுக்கும் மரக்கிளைக்கும் அஞ்சவேண்டுவதில்லை. ஆனால் கரிசல்மண் மழையில் உப்பிக் கோடையில் வெடிப்பதாகலின், குழாயை ஆழப் புதைத்தல் வேண்டும். மின்கம்பங்களில் கட்டிச் செல்வது எளிது, விரைவானது. ஆயின் கம்பம் சாய்ந்தாலும், பாரம் உயர்ந்த லாரி இழுத்தாலும் இழை அறும். முதலில் மிஞ்சிய பணம் பின்னர்ப் பழுதுபார்ப்பதில் செலவாகக் கூடும். இழையே இடாது கோபுரத்தினின்று கம்பியில்லா முறையில் அளிப்பதும் உண்டு. அதில் பயன்படுத்துவோர் பெருகப் பெருக ஒவ்வொருவர்க்கும் வேகம் குறையும்.

இலாபம் ஒன்றையே நோக்கின் சிற்றூர்கள் விடுபடும் என்பது பற்றியே, மத்திய அரசினர் 2011-ஆம் ஆண்டில் கிராம ஊராட்சிகளை இணைக்கும் திட்டத்தை ஏற்றனர். அது பின்னர்ப் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்க வகுத்த திட்டத்தில், 85 சதவீதம் மின்கம்ப வழியாகவும் 15 சதவீதம் நிலத்தடியாகவும் இழையிடக் கருதினர்.

ஊராட்சி அலுவலகம் வரை இழை வந்தமை கொண்டே மாணவன் வீட்டுக்கு இணையம் வந்ததாகக் கொள்ளலாகாது. அங்கிருந்து வீடு வரை கொண்டுசெல்வோர் யார், ஆடிக்காற்றில் அறுந்த இழையை எத்தனை நாளில் ஒட்டுவர் என்னும் இரண்டினையும் ஊரார் முன்னரே கேட்டறிதல் நலம்.