உள்ளங்கைக் கம்ப்யூட்டர் விலைக்குத் தகுந்ததா?

சீட்டுக் கட்டு அளவே உள்ள ஒரு பச்சை நிறப் பலகை; அதன் நடுவே விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு சிப்; ஓரத்தில் இரண்டு வரிசையாக 40 உலோக ஊசிகள். இதற்குப் பெட்டி கிடையாது, திரை கிடையாது, விசைப்பலகையும் கிடையாது. எனினும் இது முழுமையானதொரு கம்ப்யூட்டர் ஆகும். திரையையும் விசைப்பலகையையும் இணைத்து மின்சாரம் கொடுத்துவிட்டால், கணக்கிடும், எழுதும், படம் காட்டும், கம்பியில்லா முறையில் செய்தி அனுப்பும். ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டர் என்று வழங்கப்படும் இச்சாதனம், சென்ற பத்துப் பதினைந்து ஆண்டுகளாக மாணவர்களுக்கும் பொழுதுபோக்கு விஞ்ஞானிகளுக்கும் நெருங்கிய தோழனாக இருந்து வருகிறது.

அண்மையில் இதன் விலை கணிசமாக உயர்ந்திருக்கிறது. ஆகவே, கொடுக்கும் பணத்திற்கு இது இன்னமும் தகுந்ததுதானா என்ற கேள்வி எழுந்துள்ளது. இக்கேள்விக்கு விடை காண விரும்புவோர், திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட கேரள ராஜ்யத்தின் அனுபவத்தை ஆராய்வது பயனுடையதாகும். பள்ளி மாணவர் கையில் இத்தகைய பலகைகளைக் கொடுத்துப் பார்த்தது மட்டுமின்றி, பின்னர் அவற்றின் வகையையே மாற்றிக்கொண்ட ராஜ்யம் அது.

கெட்டாலும் பாதகமில்லை

ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டர்களுள் பெரும் புகழ் பெற்றது ராஸ்ப்பெரி பை என்பதாகும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் உருவான இது, 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் தேதி விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர். அக்காலத்து மாற்று விகிதப்படி ஏறத்தாழ 1,700 ரூபாய். நினைவகம் 256 மெகாபைட் மட்டுமே. வேகம் 700 மெகாஹெர்ட்ஸ்.

இதைத் தோற்றுவித்தவர்களின் நோக்கம் மலிவான கம்ப்யூட்டரை விற்பது மட்டுமன்று. 1980-களில் இங்கிலாந்துச் சிறுவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் தாமே நிரல் எழுதிப் பழகினர். பிற்காலத்தில் வீட்டிற்கு வந்த யந்திரங்களோ, குடும்பத்தின் வரவுசெலவுக் கணக்கும் கடிதங்களும் புகைப்படங்களும் அடங்கிய விலை உயர்ந்த சொத்தாகிவிட்டன. அவற்றைப் பிரித்துப் பார்க்கவோ மாற்றிப் பார்க்கவோ பெற்றோர் சம்மதிப்பதில்லை. சிறுவன் அச்சமின்றித் தொட்டுப் பார்க்கவும், கெடுத்துவிட்டால் வருந்தாமல் வேறொன்று வாங்கவும் ஏற்ற கம்ப்யூட்டர் ஒன்று வேண்டியிருந்தது. குறைந்த விலை என்பது இங்கு வெறும் சலுகை அன்று. கற்பிக்கும் முறையிலேயே அது ஓர் அங்கமாகும்.

கேரளத்தின் முதற் பரிசோதனை

2014-15-ஆம் ஆண்டை ஒட்டிக் கேரள ராஜ்ய அரசாங்கம், நிரல் எழுதக் கற்பிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. எட்டாம் வகுப்பு மாணவரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டோருக்கு ராஸ்ப்பெரி பை பலகைகள் வழங்கப்பட்டன. முதற் கட்டத்தில் ஏறத்தாழ 2,500 மாணவர்களுக்கு அவற்றை அளிப்பது திட்டம்.

அன்றைய நிலையில் அது பொருத்தமான ஏற்பாடே. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத மாணவனுக்கு, வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியையே திரையாகக் கொண்டு தனக்கென ஒரு கம்ப்யூட்டரை அமைத்துக்கொள்ள அது வழி செய்தது. பலகையில் இயங்குவது, எவரும் கட்டணமின்றி உபயோகிக்கத்தக்க லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பு. கேரளப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருள்களையே நெடுநாளாகக் கையாண்டு வந்தமையால், மாணவர்களுக்கு அது புதியதன்று.

ஆனால் நிலைமை விரைவில் மாறிற்று. 2018-ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின் கீழ், எட்டு முதல் பன்னிரண்டு வரையுள்ள 45,000 வகுப்பறைகளுக்கு லாப்டாப் கம்ப்யூட்டரும், படம் வீழ்த்தும் சாதனமும் வழங்கப்பட்டன. கம்ப்யூட்டர் இல்லை என்ற குறை பள்ளியைப் பொறுத்தவரை பெரும்பாலும் நீங்கிவிட்டது. ஆகவே, இனி மாணவனுக்கு எது தேவை என்ற கேள்வி எழுந்தது.

ஊசிகளின் பயன்

கம்ப்யூட்டர் கணக்கிடும், ஆனால் சாதாரண லாப்டாப்பினால் ஒரு விளக்கை ஏற்றவோ, ஒரு கதவைத் திறக்கவோ நேரடியாக இயலாது. பலகையின் ஓரத்திலுள்ள ஊசிகளே அதற்கு வழி. ஓர் ஊசியின் மின்னழுத்தத்தை நிரலின் கட்டளையால் உயர்த்தலாம், தாழ்த்தலாம். வெளியிலிருந்து வரும் மின்னழுத்தத்தை அறியவும் செய்யலாம். அதாவது, கணக்கிடும் மூளைக்குக் கண்ணும் கையும் அமைத்துக் கொடுப்பவை இந்த ஊசிகளே.

தெருவிளக்கு ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். பொழுது சாய்ந்ததும் அது தானே எரிய வேண்டும். விடிந்ததும் தானே அணைய வேண்டும். ஒளிக்கேற்ப மின்தடை மாறும் ஓர் உணர்வியை ஓர் ஊசியில் இணைக்கிறோம். மற்றோர் ஊசியில் விளக்கைச் சேர்க்கிறோம். உணர்வி காட்டும் அளவு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனால் விளக்கை ஏற்று என்பதே நிரல். இந்த வேலைக்குத் திரையும் வேண்டாம். கோடிக்கணக்கான எழுத்துக்களைத் தாங்கும் நினைவகமும் வேண்டாம்.

இத்தகைய பணிகளுக்கு என்றே வேறொரு வகைப் பலகை உண்டு. இத்தாலியில் 2005-ஆம் ஆண்டு தோன்றிய ஆர்டுயினோ அவ்வகையில் பிரசித்தமானது. அதன் உனோ என்ற பலகையில் உள்ள சிப்பின் வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. முதல் ராஸ்ப்பெரி பையின் நினைவகத்தில் இது லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதில் லினக்ஸ் இயங்காது. லாப்டாப்பில் எழுதிய நிரலை இதற்குள் செலுத்திவிட்டால், மின்சாரம் உள்ளவரை அந்த ஒரே நிரலைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும்.

வேறொரு வித்தியாசமும் உண்டு. ராஸ்ப்பெரி பையின் ஊசிகள் 3.3 வோல்ட்டுக்காக அமைந்தவை. அதில் தவறுதலாக 5 வோல்ட் மின்கம்பியை இணைத்துவிட்டால் பலகையே பழுதாகலாம். உனோ 5 வோல்ட்டில் இயங்குவது. மேலும், பல உனோ பலகைகளில் சிப் ஒரு குழியில் பொருத்தப்பட்டிருக்கும். சிப் எரிந்துபோனால் அதைப் பெயர்த்தெடுத்து வேறொன்றைச் செருகிவிட்டு, பாடத்தைத் தொடரலாம். பயிலும் சிறுவனுக்கு இது பெரும் வசதியாகும்.

கேரளத்தின் பள்ளித் தொழில்நுட்பப் பணிகளைத் திருவனந்தபுரத்திலிருந்து நடத்தும் 'கைட்' நிறுவனம் இவ்வகைப் பலகையையே தேர்ந்தெடுத்தது. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில், 2,000 உயர்நிலைப் பள்ளிகளுக்கு 9,000 ரோபாட்டிக்ஸ் பெட்டிகளை வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு பெட்டியிலும் ஆர்டுயினோ உனோ பலகையுடன் சிறு விளக்குகள், ஒளி உணர்வி, சிறு மோட்டார், ஒலிப்பான், இணைப்புக் கம்பிகள் முதலியவை அடங்கியிருந்தன. 2025-26-ஆம் கல்வியாண்டில் பத்தாம் வகுப்பு மாணவர் 4.3 லட்சம் பேருக்கும் ரோபாட்டிக்ஸ் கட்டாயப் பாடமாயிற்று. 29,000 பெட்டிகள் பள்ளிகளுக்குச் சென்றன.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. முகத்தை அடையாளம் கண்டு திறக்கும் கதவை மாணவர் செய்யும்போது, கடினமான கணக்கைச் செய்வது பள்ளியில் ஏற்கெனவே உள்ள லாப்டாப். கதவை அசைப்பது மட்டுமே பலகையின் வேலை. இருப்பதை மூளையாக்கி, மலிவானதைக் கையாக்கிக்கொண்டதே அந்த ராஜ்யம் கண்ட சிக்கனம்.

விலை உயர்ந்த காரணம்

இதற்கிடையில் ராஸ்ப்பெரி பை வேறு திசையில் வளர்ந்தது. ஆலைகளும் வணிக நிறுவனங்களும் அதை விரும்பி வாங்கத் தலைப்பட்டன. ஆற்றல் பெருகிற்று, விலையும் பெருகிற்று. 2023-ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் தலைமுறைப் பலகை, 4 கிகாபைட் நினைவகத்துடன் 60 டாலருக்கு விற்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டு டிசம்பரில் அது 70 டாலராக உயர்ந்தது. 8 கிகாபைட் பலகை 80 டாலரிலிருந்து 95 டாலராயிற்று. செயற்கை அறிவுக்கான மாபெரும் கணிப்பு நிலையங்கள் உலகின் நினைவக சிப்களைப் பெருமளவில் வாங்கிக்கொண்டதே இதன் காரணம். எங்கோ எழும்பும் கணிப்பு நிலையத்தின் பசி, திருவனந்தபுரத்து மாணவனின் கைச்செலவையும் தொடுகிறது.

டாலர் ஒன்றுக்கு 90 ரூபாய் எனக் கொண்டால், 70 டாலர் என்பது 6,300 ரூபாய். 18 சதவிகித வரியையும் சேர்த்தால் 7,400 ரூபாயைத் தாண்டும். இதற்கு மேல் 27 வாட் மின்வழங்கி, நினைவக அட்டை, குளிர்விக்கும் விசிறி, பெட்டி ஆகியவற்றைத் தனித்தனியே வாங்க வேண்டும். இவ்வளவும் கொடுத்தபின், இது கெட்டாலும் பாதகமில்லை என்று எந்தப் பெற்றோரும் சொல்லத் துணிவது அரிது. எந்த அச்சத்தைப் போக்க இப்பலகை பிறந்ததோ, அதே அச்சம் இதன் விலையால் திரும்பி வந்திருக்கிறது.

சாதாரண எழுத்து வேலைக்கும் இணைய உபயோகத்திற்கும் கம்ப்யூட்டர் தேவைப்படுவோருக்கு வேறு வழிகள் உள்ளன. 2023-ஆம் ஆண்டு முதல், இன்டெல் என்-100 போன்ற குறைந்த மின்சாரச் சிப்களைக் கொண்ட சிறு கம்ப்யூட்டர்கள் பெட்டி, மின்வழங்கி, சேமிப்பகம் ஆகிய யாவும் அடங்கியவையாகக் கிடைக்கின்றன. அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய கம்ப்யூட்டர்களும் அவ்வேலைக்குப் போதும்.

ஆயினும் மின்செலவையும் கணக்கில் கொள்ளவேண்டும். மழைமானியைக் கண்காணிப்பது போன்று இரவு பகல் ஓயாது நடக்கும் வேலைக்கு, 40 வாட் இழுக்கும் பழைய கம்ப்யூட்டரையும் 4 வாட் இழுக்கும் பலகையையும் ஒப்பிடுவோம். வேறுபாடு 36 வாட். ஓராண்டில் இது ஏறத்தாழ 315 யூனிட் ஆகும். யூனிட் 6 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,890 ரூபாய் மிச்சம். அத்தகைய பணியில் பலகை தன் விலையைத் தானே சில ஆண்டுகளில் திருப்பித் தந்துவிடும். இதற்கு விலை உயர்ந்த புதிய பலகையும் தேவையில்லை. 2021-ஆம் ஆண்டு 15 டாலர் விலையில் வெளிவந்த ஸீரோ 2 டபிள்யூ போன்ற சிறிய பலகையே போதுமானது.

திருவனந்தபுரத்திலேயே பிறந்த பலகை

இவ்விஷயத்தில் திருவனந்தபுரத்திற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. மத்திய அரசாங்கத்தைச் சார்ந்த ஸி-டாக் நிறுவனத்தின் திருவனந்தபுரக் கிளை, வேகா என்ற வரிசையில் இந்திய நுண்செயலிகளை வடிவமைத்துள்ளது. இவை ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுதியை ஆதாரமாகக் கொண்டவை. அத்தொகுதி எவரும் உரிமைக் கட்டணமின்றிக் கையாளத்தக்கது. இவ்வரிசையைச் சார்ந்த தேஜஸ்-32 என்ற சிப்பின் வேகம் 100 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் 256 கிலோபைட். இதைக் கொண்டு அமைந்த ஏரீஸ் பலகைகளுக்கு, ஆர்டுயினோ நிரல்களை எழுதும் அதே மென்பொருளைக் கொண்டே நிரல் எழுதலாம். ஆகவே, பள்ளியில் உனோவில் பழகிய மாணவன் புதிதாக மொழி கற்க வேண்டியதில்லை.

தேஜஸ்-32 வடிவமைக்கப்பட்டது இந்நாட்டிலாயினும் வார்க்கப்பட்டது மலேசியாவில். அதற்கு அடுத்த தேஜஸ்-64, பஞ்சாபில் மொஹாலியிலுள்ள அரசாங்க ஆலையிலேயே தயாராயிற்று. உள்ளூர்ப் பலகை அயல்நாட்டுப் பலகையைவிட மலிவாகக் கிடைக்க, அது பெரும் எண்ணிக்கையில் உற்பத்தியாக வேண்டும். பள்ளிகளும் கல்லூரிகளும் அதை வாங்கினால்தான் அவ்வெண்ணிக்கை கூடும். பத்தாயிரக்கணக்கில் பெட்டிகள் வாங்கும் ஒரு ராஜ்யத்தின் தலைநகரிலேயே அந்தச் சிப் வடிவமைக்கப்பட்டிருப்பது, இரு தரப்பினரும் சிந்திக்கத்தக்க வாய்ப்பாகும்.

வாங்குவோர் கவனத்திற்கு

முதற்கண் எழுப்பிய கேள்விக்கு இனி விடை கூறலாம். எழுதவும் படிக்கவும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்பவருக்கு ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டர் இப்போது லாபமன்று. விளக்கு, மோட்டார், உணர்வி ஆகியவற்றைக் கொண்டு முதற் பாடம் பயில்வோருக்கு உனோ, ஏரீஸ், அல்லது 2021-ஆம் ஆண்டு 4 டாலருக்கு வெளிவந்த ராஸ்ப்பெரி பை பிகோ போன்ற சிறு பலகையே போதும். படம் பிடித்தல், செய்திகளைச் சேமித்தல், வலைப்பின்னலில் அனுப்புதல் ஆகியவற்றை ஒரே பலகையில் ஓயாது செய்யவேண்டியிருப்பின், அங்கே ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டர் இன்னமும் தன் விலைக்குத் தகுந்ததே.

பள்ளிகளும் பெற்றோரும் வாங்குமுன் மற்றொன்றையும் கேட்டுக்கொள்வது நலம். மாணவன் நாளைக்கே கம்பியை மாற்றி இணைத்து இப்பலகையை எரித்துவிட்டால், அவனிடம் இன்னொன்றைக் கொடுக்க நம்மால் முடியுமா? முடியும் என்றால் அதுவே அவனுக்கு ஏற்ற பலகை. முடியாது என்றால், எவ்வளவு ஆற்றல் வாய்ந்ததாயினும், அது அலமாரியில் பூட்டிவைக்கப்படும். அதைக் கொண்டு அவன் எதையும் கற்கப்போவதில்லை.