பழைய காருக்குப் புதிய கியர்ப்பெட்டி

அம்பாசடர் காரை அறியாதவர் நம்மில் குறைவு. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்னும் ஊரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் அதைத் தயாரித்து வந்தது. 2014இல் தயாரிப்பு நின்றது. நெடுங்காலம் இந்தக் காரின் கியர்த் தண்டு ஸ்டியரிங்குக்கு அடியில், ஓட்டுநரின் இடக்கைப் பக்கம் இருந்தது. முன்னோக்கிச் செல்ல நான்கு கியர்கள். 1990களில் இசுஸு எஞ்சினுடன் வந்த வகையில் கியர்கள் ஐந்தாயின. தண்டும் தரைக்கு இறங்கியது.

பழைய காரைப் போற்றி வைத்திருப்பவர்களில் சிலர், நான்கு கியர்ப் பெட்டியைக் கழற்றிவிட்டு ஐந்து கியர்ப் பெட்டியைப் பொருத்திக்கொள்கிறார்கள். ஐந்தாவது கியரில், அதே வேகத்தில் போக எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் போதும்; இரைச்சல் குறையும், பெட்ரோலும் மிச்சமாகும். ஆனால் வேலை முடிந்து வண்டி சாலைக்கு வந்ததும் சிலருக்கு ஏமாற்றந்தான். கியர் போட்டால் 'கரகர'வென்று அரைக்கிறது. சில வேளை உள்ளே போகவே மறுக்கிறது. போன கியரும் தானே நழுவி வெளியே வருகிறது. "பெட்டி போச்சு, வேறு வாங்குங்க" என்று பட்டறையில் சொல்லிவிட்டால், இன்னொரு பெருஞ்செலவு!

பெட்டியைக் கழற்றுமுன் நாம் சற்று யோசிப்போம். பெட்டி மாறும்போது அதனுடன் கிளட்ச், மிதி, தண்டு, எண்ணெய் ஆகியவற்றுக்குள்ள உறவுகளும் மாறிவிடுகின்றன. குற்றம் பெரும்பாலும் அந்த உறவுகளில்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க உங்கள் பாடப்புத்தக இயற்பியலே போதும்.

முதலில், கியர் மாற்றும்போது உள்ளே என்ன நடக்கிறது? இரண்டாம் கியரில் உள்தண்டு 2.2 முறை சுற்றினால் வெளித்தண்டு ஒரு முறை சுற்றுகிறது என்றும், மூன்றாம் கியரில் 1.4 முறைக்கு ஒரு முறை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வெளித்தண்டு சக்கரங்களோடு இணைந்தது; கார் ஓடும்போது அதன் வேகம் சட்டென்று மாறாது. அது நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றுகிறது என்றால், மூன்றாம் கியருக்குப் போகையில் உள்தண்டு 2200இலிருந்து 1400 சுற்றுக்கு இறங்க வேண்டும். இறங்காமல் பல்லும் பல்லும் சந்தித்தால் அரைக்கத்தானே செய்யும்?

இப்படி வேகத்தைச் சமன் செய்வது சிங்க்ரோ வளையத்தின் வேலை. 1928இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் முதன்முதலாக வந்த ஏற்பாடு இது. பித்தளையாலான இந்த வளையத்தின் உட்புறம் கூம்பு வடிவானது. அது கியரின் கூம்பை உரசி, உராய்வால் அதன் வேகத்தைக் குறைக்கிறது. சின்னஞ்சிறு பிரேக் என்றே சொல்லலாம். கிளட்ச்சை மிதித்திருக்கும்போது, உள்தண்டையும் அதனோடு சேர்ந்த சில கியர்களையும் மட்டும் அது அடக்கினால் போதும். கிளட்ச் முழுவதும் விலகாவிட்டாலோ, எஞ்சினும் கனத்த பிளைவீலும் சேர்ந்து உள்தண்டை இழுத்துக்கொண்டே இருக்கும். அவற்றின் நிலைமத் திருப்புத்திறன் பன்மடங்கு பெரிது. பாவம், அந்தப் பித்தளை வளையம் என்ன செய்யும்!

ஆகவே முதல் சோதனை இது. எஞ்சினை நிறுத்திவிட்டு, கிளட்ச்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். (காருக்கு உரியவர் உடனிருக்க, சமதரையில், கைப்பிரேக் போட்டுச் செய்யுங்கள்.) பல்லுக்கு நேரே பல் நின்றால் கியர் முட்டும், காரைச் சிறிது அசைத்தால் போதும். எல்லாக் கியரும் சுலபமாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் தகராறு என்றால் கிளட்ச்சைச் சந்தேகியுங்கள். அடுத்ததை உரியவரே செய்யட்டும்: எஞ்சின் மெதுவாக ஓட, நியூட்ரலில் வைத்து, கிளட்ச்சை முழுக்க மிதித்துப் பத்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போட வேண்டும். அதற்குள் உள்தண்டு நின்றிருக்க வேண்டும். அப்போதும் அரைத்தால், ஏதோ ஒன்று அதை இன்னும் சுழற்றுகிறது என்று பொருள்.

எது சுழற்றுகிறது? இங்கே பாஸ்கல் விதி துணைக்கு வருகிறது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கிளட்ச்சில், மிதியின் பக்கம் மாஸ்டர் சிலிண்டர், பெட்டியின் பக்கம் சிலேவ் சிலிண்டர். பெட்டியை மாற்றியவர்கள் சிலேவ் சிலிண்டரையும் புதிதாகப் போட்டுவிட்டு, மாஸ்டரைப் பழையபடியே விட்டுவிடுவதுண்டு. ஒரு கணக்குப் போடுவோம். மாஸ்டரின் விட்டம் 16 மி.மீ., பழைய சிலேவின் விட்டம் 20 மி.மீ. மிதித்தால் மாஸ்டரின் பிஸ்டன் 25 மி.மீ. நகரும். பரப்புகளின் விகிதம் 256:400, அதாவது 0.64. ஆகவே சிலேவின் பிஸ்டன் 16 மி.மீ. நகரும். புதிய சிலேவின் விட்டம் 24 மி.மீ. என்றால் விகிதம் 256:576. நகர்வு 11 மி.மீ. மட்டுமே! கிளட்ச் விலக 14 மி.மீ. வேண்டுமென்றால் அது பாதியில் நிற்கும்.

இதில் ஒரு வேடிக்கை. பரப்பு பெருகியதால் விசையும் பெருகுகிறது. மிதி முன்னைவிட மெத்தென்று இருக்கும். "புதுப் பெட்டி எவ்வளவு சுகம்!" என்று உரியவர் மகிழ்ந்துபோவார். நோயின் முதல் அறிகுறியே அந்தச் சுகந்தான். விசையில் பெற்றதைத் தூரத்தில் இழந்திருக்கிறோம். மாஸ்டரை 19 மி.மீ. விட்டமுள்ளதாக மாற்றினால் நகர்வு ஏறக்குறைய 15.7 மி.மீ. ஆகிவிடும், மிதி சற்றுக் கனக்கும், அவ்வளவே. மாற்றுமுன் குழாயில் காற்றுக்குமிழி இல்லையென்று உறுதி செய்துகொள்ள வேண்டும். காற்று அமுங்கும் பொருள். மிதித்த தூரத்தில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும்.

நகர்வு சரியாக இருந்தும் ரிவர்ஸ் அரைக்கிறதா? உள்தண்டின் முனை, கிராங்க் தண்டின் நடுவே உள்ள பைலட் புஷ் என்னும் சிறு வளையத்தில் தாங்கி நிற்கிறது. வேறு எஞ்சினோடு பெட்டியை இணைக்க இடையே ஒரு தட்டு வைத்திருந்தால், அதன் மையம் இம்மியளவு விலகினாலும் புஷ் தண்டை இறுக்கிப் பிடிக்கும். கிளட்ச் விலகிய பின்னும் கிராங்க் தண்டு உள்தண்டை இழுத்துச் செல்லும். இதற்குப் பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் பெட்டியில் பழுதில்லை.

எஞ்சின் நின்றிருக்கும்போதே கியர் கடினமாக இருந்தாலும், போட்ட கியர் நழுவினாலும் தண்டைப் பாருங்கள். தரைத் தண்டு ஒரு நெம்புகோல். கைப்பிடி தாங்குபுள்ளியிலிருந்து 30 செ.மீ., கீழ்முனை 6 செ.மீ. என்றால், உள்ளே 9 மி.மீ. நகர்த்தக் கைப்பிடி 45 மி.மீ. நகர வேண்டும். தரைத்தகட்டில் வெட்டிய துளை சிறிதாகி, 35 மி.மீ.யிலேயே தண்டு விளிம்பில் இடித்தால், உள்ளே 7 மி.மீ.தான், பற்கள் அரைகுறையாகக் கவ்வும். சமவெளியில் இது வெறும் தொல்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது கியர் நழுவினாலோ, எஞ்சினின் பிடி போய்ச் சுமை முழுவதும் பிரேக்கின் மேல் விழும். துளையை அகலமாக்க ஓர் அரமும் அரைமணி நேரமும் போதும்.

கடைசியாக எண்ணெய். 'ஜி.எல்.-5' வகைக் கியர் ஆயிலில் உள்ள சில கந்தகச் சேர்மங்கள் பித்தளையை அரிக்கக்கூடும். அந்த ஆயிலின் வழவழப்பு சிங்க்ரோ வளையத்தின் உராய்வையும் குறைக்கும். புதிய பெட்டிக்கு அதைச் செய்தவர்கள் குறிப்பிட்ட ஆயிலையே ஊற்ற வேண்டும். பழையதை வடிக்கும்போது வெள்ளைத் துணியொன்றில் வடிகட்டிப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத பொன்னிறத் துகள் நிறைய இருந்தால் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. காந்தத்தில் ஒட்டும் சில்லுகள் கிடைத்தால் பற்களே உடைந்திருக்கின்றன. அப்போது பெட்டியைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.