‘போர்டு ஸ்கூல்’ எப்படி மேல்நிலைப் பள்ளி ஆச்சு?

இன்னைக்கு ஒரு விசித்திரமான கணக்குல இருந்து தொடங்குறேன். 2018 பிளஸ் டூ ரிசல்ட்ல விருதுநகர் மாவட்டம் 97.05 சதவீதம் எடுத்து மாநிலத்துலயே முதல் இடம். ஒண்ணும் புதுசு இல்ல, அந்த மாவட்டத்துக்கு இது ரொம்ப காலப் பழக்கம். ஆனா அதே 2018ல மத்திய அரசு, வளர்ச்சியில பின்தங்கியிருக்குற மாவட்டங்கள்னு நாடு முழுக்க ஒரு பட்டியல் போட்டுச்சு. தமிழ்நாட்டுல இருந்து அதுல வந்தது ரெண்டே பேர்: ராமநாதபுரம், விருதுநகர்.

படிப்புல ஃபர்ஸ்ட், வளர்ச்சியில லாஸ்ட்டா? எப்படி?

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடுறேன். தேர்ச்சி சதவீதம்ங்கிறது பரீட்சை ஹால் வரைக்கும் வந்த பிள்ளைகளோட கணக்கு. எட்டாவது முடிச்சுட்டு ராஜபாளையத்துல நூல் மில்லுக்குப் போன பொண்ணு, சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணி தறியில உட்கார்ந்த பையன், சிவகாசி பக்கம் தீப்பெட்டி ஒட்டப் போனவங்க, இவங்க யாரும் அந்த 97க்குள்ளயும் இல்ல, மிச்சம் 3க்குள்ளயும் இல்ல. அதனால ஒரு ஊரோட படிப்பைப் பத்திப் பேசணும்னா ரிசல்ட்டை விட முக்கியமான கேள்வி ஒண்ணு இருக்கு. அந்த ஊருக்குப் பக்கத்துல ஹைஸ்கூல் எப்போ வந்துச்சு?

இதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் 1910 வரைக்கும் திருநெல்வேலி ஜில்லா. அப்புறம் புதுசா உருவான ராமநாதபுரம் ஜில்லாவுக்கு மாறுச்சு. அந்த ஜில்லாவோட கலெக்டர் ஆபீஸ் இருந்தது எங்க தெரியுமா? மதுரையில. பக்கத்து ஜில்லாவுல உட்கார்ந்து இந்த ஜில்லாவை ஆண்டாங்க! 1985ல தனி மாவட்டம் பிரிஞ்சப்புறம்தான் ஆபீஸ் விருதுநகருக்கே வந்துச்சு.

அந்தக் காலத்துல ஹைஸ்கூல் நடத்தினவங்க மூணு வகை. மிஷனரிகள், ஊர்ல பணமோ கட்டமைப்போ உள்ள சமூகங்கள், அப்புறம் ஜில்லா போர்டு மாதிரியான உள்ளாட்சி அமைப்புகள். ரெண்டாவது வகைக்கு விருதுநகர்ல 1889ல தொடங்கின சத்திரிய வித்தியாசாலா பெரிய உதாரணம். வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து வெச்சு, அதை வித்து வந்த காசுல நடந்த பள்ளிக்கூடம். காமராஜர் படிச்சது அங்கதான். ராஜபாளையத்துலயும் மில் முதலாளிகள் தொடங்கின பள்ளிகள் உண்டு. எனக்கு இதுல மரியாதை இருக்கு. ஆனா பிடியரிசி சேர்க்க ஒரு சமூகமே பின்னாடி நிக்காத வீட்டுப் பிள்ளைக்கு? அதுக்கு மிச்சம் இருந்தது போர்டு ஸ்கூல் மட்டும்தான். தென் மாவட்டங்கள்ல வயசானவங்க இன்னைக்கும் அரசுப் பள்ளியை ‘போர்டு ஸ்கூல்’னு சொல்றது இதனாலதான்.

இந்த ரெண்டு ஊருக்கும் அரசியல்ல ஆள் இல்லாம இல்ல. ராஜபாளையத்துக்காரர் பூ.ச. குமாரசாமி ராஜா 1949ல இருந்து 1952 வரைக்கும் சென்னை மாகாணத்தோட முதல்வர். தன் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். காமராஜர் 1952ல முதன்முதலா லோக்சபாவுக்குப் போனதும் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில இருந்துதான். ரெண்டே வருஷத்துல அவரும் முதல்வர் ஆனார்.

அப்புறம் நடந்தது நமக்குப் பாடத்துல வர்ற கதை. 1956ல மதிய உணவு. தொடக்கப் பள்ளி ஒரு மைலுக்குள்ள, உயர்நிலைப் பள்ளி அஞ்சு மைலுக்குள்ளன்னு ஒரு இலக்கு. பாடத்துல அதிகம் வராதது பள்ளிச் சீரமைப்பு இயக்கம். கல்வித் துறை இயக்குநரா இருந்த நெ.து. சுந்தரவடிவேலு 1958ல தொடங்கி ஊர் ஊரா மாநாடு போட்டார். பள்ளிக்கு என்ன வேணும்னு பட்டியல் போட்டு ஊர்க்காரங்க முன்னாடி வைப்பாங்க. ஒருத்தர் நிலம், ஒருத்தர் பெஞ்சு, ஒருத்தர் மணி, ஒருத்தர் குடிதண்ணிப் பானை. பழைய அரசுப் பள்ளிகள்ல வகுப்பறை வாசல்ல ‘உபயம்’னு போட்டுப் பேர் செதுக்கின கல்லைப் பார்த்திருப்பீங்க. கோயில் வழக்கம் அப்படியே பள்ளிக்கூடத்துக்குள்ள வந்துச்சு.

(கோயில்னதும் ஒரு சின்னத் தகவல். நம்ம அரசு முத்திரையில இருக்குற கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம்னுதான் பரவலா சொல்வாங்க. மதுரைக்காரங்க கிட்டச் சொல்லிப் பாருங்க, சண்டைக்கு வருவாங்க, அது மீனாட்சி கோயில் மேற்குக் கோபுரம்னு.)

1970ல ஜில்லா போர்டு பள்ளிகள் அரசுக்குப் போச்சு. வாத்தியார்கள் அரசு ஊழியர் ஆனாங்க. அடுத்த திருப்பம் 1978. அதுவரைக்கும் எஸ்.எஸ்.எல்.சி.ன்னா பதினொண்ணாவது. அப்புறம் பி.யு.சி. படிக்க காலேஜ் இருக்குற ஊருக்குப் போகணும். பத்து பிளஸ் ரெண்டு முறை வந்ததும் அந்தப் படிப்பு உள்ளூர்ப் பள்ளிக்கே இறங்கி வந்துச்சு. ‘மேல்நிலைப் பள்ளி’ங்கிற பேரே அப்போ வந்ததுதான். ஒரு பொண்ணை வெளியூர் அனுப்பலாமா வேணாமான்னு வீட்டுல நடக்குற விவாதம் ரெண்டு வருஷம் தள்ளிப்போச்சுன்னா, அதுவே பெரிய மாற்றம்.

ஆனா எல்லாப் பள்ளியும் மேல்நிலை ஆகல. தரம் உயர்த்துறதுக்கு ரொம்ப வருஷமா ஒரு நடைமுறை இருந்துச்சு. நடுநிலைப் பள்ளி உயர்நிலை ஆகணும்னா ஊர்க்காரங்க 1 லட்சம் ரூபாய் பங்குத் தொகை கட்டணும், மேல்நிலைக்கு 2 லட்சம். போதுமான இடமும் காட்டணும். உபயத்தோட அடுத்த வடிவம்னு சொல்லலாம். ஆனா உபயம் மனசு வந்து கொடுக்குறது, இது கேட்டு வாங்குறது. எனக்கு இதுல உடன்பாடு இல்ல. காசு சேர்க்க முடியாத ஊர்தான் பள்ளி ரொம்பத் தேவைப்படுற ஊர். கூலி வேலைக்குப் போற குடும்பங்கள் இருக்குற ஊர்ல அந்த ஒரு லட்சம் எப்போ சேரும், அதுக்குள்ள எத்தனை பேட்ச் எட்டாவதோட நின்னிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

பள்ளி தூரமா இருந்தா என்ன செய்யலாம்ங்கிறதுக்கு அரசு கண்டுபிடிச்ச பதில்தான் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள். பஸ் பாஸும் அப்படித்தான். நல்ல பதில்கள்தான். ஆனா மழைக்காலத்துல, சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு இருட்டுல அஞ்சு கிலோமீட்டர் மிதிக்கணும்னா, பிள்ளையை நிறுத்துற முடிவு அந்த ரோட்டுலதான் எடுக்கப்படுது.

சமீபத்துல வந்த ரெண்டு விஷயம் ஆட்டத்தையே மாத்தியிருக்கு. 2020ல மருத்துவப் படிப்புல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2022ல, கல்லூரிக்குப் போற மாணவிகளுக்கு மாசம் 1,000 ரூபாய் தர்ற புதுமைப்பெண் திட்டம். ரெண்டும் வந்தப்போ அடிப்படை நிபந்தனை ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும்ங்கிறதா இருந்துச்சு. அதாவது ‘போர்டு ஸ்கூல்’ல படிச்சேன்னு சொல்றதுக்கு முதல் தடவையா ஒரு மதிப்பு வந்திருக்கு.

நீங்க அரசுப் பள்ளியில படிச்சவங்களா? அப்போ இதை மட்டும் குறிச்சுக்கோங்க. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலயும் பெற்றோரை வெச்சு அமைக்கிற மேலாண்மைக் குழு ஒண்ணு இருக்கு. டாய்லெட்டுக்குத் தண்ணி வருதா, எந்தப் பாடத்துக்கு வாத்தியார் இல்ல, யாரு நின்னுட்டாங்கன்னு அங்கதான் பேசணும். 2024ல மறுபடி அமைச்சப்போ அதுல முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தாங்க. அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ, உங்க பள்ளியில அந்த இடத்துல யார் இருக்காங்கன்னு ஹெட்மாஸ்டர் கிட்டக் கேளுங்க. யாரும் இல்லன்னா என்ன பண்ணலாம்னு அடுத்த எபிசோட்ல பேசுவோம்.